குதிரை போல் உதைத்த புது சைக்கிள்!

காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன். கதையில் ஒரு சைக்கிள் வரும். கொஞ்சம் அறிவியல் வரும். கொஞ்சம் கணக்கும் வரும். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் கணக்குதான் என் பேரனின் சைக்கிளை அவனுக்கே மீட்டுக் கொடுத்தது!

திருச்சியில் இருக்கும் என் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பாயி, எனக்கு ஃபுல் சஸ்பென்ஷன்!" என்று கத்தினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 37 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். சஸ்பென்ஷன் என்றால் தப்புச் செய்தவரைக் கொஞ்ச நாள் வெளியே நிறுத்தி வைப்பது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். "என்னய்யா செஞ்சு தொலைச்சே? நான் வேணா வந்து ஹெட்மாஸ்டர்கிட்டே பேசட்டுமா?" என்று பதறினேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அப்பாயி! சைக்கிள்! அப்பா எனக்கு மலை சைக்கிள் வாங்கிட்டாங்க. முன்னாடியும் ஷாக் அப்சார்பர், பின்னாடியும் ஷாக் அப்சார்பர். அதுக்குப் பேருதான் ஃபுல் சஸ்பென்ஷன்!"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எதையெல்லாம் காணோம்!

விடுமுறை விட்டதும் பேரன், பேத்தி, மகன், மருமகள் எல்லோரும் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். காரின் பின்னால் கட்டியிருந்த சைக்கிளை இறக்கி வாசலில் வைத்தார்கள். தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேரியர் இல்லை. ஸ்டாண்டு இல்லை. மணி இல்லை. மட்கார்டு இல்லை. செயினுக்கு மூடி இல்லை. சுவரில்தான் சாய்த்து வைக்க வேண்டும். விலையைக் கேட்டால் ஒரு மொபெட் வாங்கும் பணம்! "ஏம்ப்பா, பாதி சைக்கிளுக்கு முழு விலையா கொடுத்தே?" என்று மகனிடம் கேட்டேன். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால், அதில் பாதிப் பணம் என் பேரனுடையது. இரண்டு வருடமாகப் பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாவற்றையும் உண்டியலில் போட்டுச் சேர்த்திருந்தான். மீதியைத்தான் அவன் அப்பா போட்டார். அதனால் அந்தச் சைக்கிளை அவன் துடைத்துத் துடைத்து வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இல்லாததைப் பார்த்தாகிவிட்டது. இனி இருப்பதைப் பார்ப்போம். டயர் நல்ல பருமன். நம் சாதாரண சைக்கிள் டயர் ஒன்றரை அங்குல அகலம் என்றால், இது இரண்டே கால் அங்குலம். முழுக்க ரப்பர்ப் பற்கள். மண்ணையும் கல்லையும் அந்தப் பற்கள் கவ்விப் பிடிக்கும். முன்னால் பல்சக்கரம் ஒன்றே ஒன்று. பின்னால் சிறியதும் பெரியதுமாக ஓர் அடுக்கு. சக்கரத்தின் நடுவில் இரும்புத் தட்டு, அதைப் பிடிக்கும் பிரேக். இந்தத் தட்டு பிரேக்கை நீங்கள் மோட்டார் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். ஒரு விரலால் அழுத்தினாலே வண்டி நின்றுவிடுகிறது.

தூக்கிப் பார்த்தேன். 15 கிலோ இருக்கும். கொல்லையில் நிற்கும் என் பழைய சைக்கிள் அதைவிடக் கனம்.

கட்டை வண்டியும் வில் வண்டியும்

என் பழைய சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1991-ம் ஆண்டு எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். நானும் அப்போதுதான் பழகினேன். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளைத்தான் பலரும் ஓட்டினோம்.

தினமும் 7 கிலோமீட்டர் சரளைக்கல் பாதையில் பள்ளிக்குப் போவேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து கணக்குக் கேட்கும். அதனால்தான் ஷாக் அப்சார்பர் என்றதும் எனக்கு அவ்வளவு ஆவல்.

உங்கள் ஊரில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டை வண்டி. மூட்டை ஏற்ற அது. பள்ளத்தில் இறங்கினால் மேலே இருப்பவரும் சேர்ந்து குலுங்குவார். இன்னொன்று வில் வண்டி. வண்டிக்கும் அச்சுக்கும் நடுவே வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டை வளைந்து கொடுக்கும். மேலே இருப்பவருக்கு அதிர்ச்சி குறையும்.

புது சைக்கிளிலும் அதே வேலைதான் நடக்கிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எழும். பின்பக்கம் இன்னும் வேடிக்கை. சைக்கிளின் உடம்பே இரண்டு துண்டு! பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் துண்டு, கதவு கீலில் ஆடுவதைப் போல மேலும் கீழும் ஆடும். இரண்டு துண்டுக்கும் நடுவே குண்டுப் பேனாவைப் போல ஒரு ஷாக் அப்சார்பர்.

அதற்குள் சுருள் கம்பி இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. வெறும் காற்று! காற்றை அமுக்கினால் அது திரும்ப விரியப் பார்க்கும் அல்லவா? அதுதான் இங்கே ஸ்பிரிங். அழுத்தம் மட்டும் மிக அதிகம். கார் டயரில் இருப்பதைப் போல ஐந்து மடங்குகூட இருக்கும்.

காற்றோடு இன்னொரு பொருளும் உண்டு. எண்ணெய். அது எதற்கு என்று உங்களால் சொல்ல முடியுமா? யோசித்துக்கொண்டே இருங்கள். கதைக்குள் அதற்கு விடை வரும்.

தொம்!

மறுநாள் காலை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைமேல் செம்மண் பாதை ஒன்று போகிறது. பாதி வழியில் பெரிய ஆலமரம். அதன் வேர்கள் பாம்பு பாம்பாகப் பாதையின் குறுக்கே ஓடும். பேரன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினான். நாங்கள் கரையில் நின்று பார்த்தோம்.

முதல் வேரைத் தாண்டினான். சைக்கிளின் பின்பக்கம் துள்ளியது. இரண்டாவது வேர். இன்னும் உயரமாகத் துள்ளியது. பயந்துபோய் பிரேக்கை இறுக்கினான். மூன்றாவது வேரில், குதிரை பின்னங்காலால் உதைப்பதைப் போல சைக்கிள் அவனைத் தூக்கிப் போட்டது. தொம்!

ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. ஹெல்மெட்டில் ஒரு நீளக் கீறல். அந்தக் கீறல் தலையில் விழுந்திருந்தால்? நினைக்கவே எனக்குக் கை நடுங்கியது.

காயத்தைவிட அவன் சொன்ன வார்த்தைதான் எனக்கு வலித்தது. "அப்பாயி, இந்த சைக்கிள் சரியில்ல. இல்லாட்டி எனக்குத்தான் ஓட்டத் தெரியல. திருப்பிக் கொடுத்திடுவோம்" என்றான். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். இரண்டு வருட உண்டியல் காசு அல்லவா!

விழுந்தவர்களின் கதை

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவி மருந்து போட்டோம். திண்ணையில் உட்கார்ந்து என் மகன் ஒரு கதை சொன்னான். மலை சைக்கிள் பிறந்த கதை அது. உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்ற மலைப்பகுதி இருக்கிறது. 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பழைய இரும்புக் கடையில் கிடக்கும் சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். 1930, 40-களில் செய்த கனமான சைக்கிள்கள். டயர் மட்டும் நல்ல பருமன். அவற்றை மலை மேலே தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் இறங்குவார்கள்.

1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் ஒரு பந்தயம் நடத்தினார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டர் இறக்கம்! அந்தப் பாதையின் பெயர் ‘ரீபேக்’. பெயருக்குக் காரணம் தெரியுமா? அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தையே பாதைக்குப் பெயராகிவிட்டது.

அவர்களும் விழுந்தார்கள். பலமுறை விழுந்தார்கள். பழைய சைக்கிள்கள் வளைந்தன, உடைந்தன. "எங்கே உடைகிறது? ஏன் உடைகிறது?" என்று பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஜோ பிரீஸ் என்ற இளைஞர் இருந்தார். 1977-ம் ஆண்டு, மலைக்கென்றே புதிய குழாய்களை வைத்து ஒரு சைக்கிளைச் செய்தார். அந்தச் சைக்கிள் இன்று ஸ்மித்சோனியன் என்ற புகழ்பெற்ற அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அதற்கும் ஷாக் அப்சார்பர் கிடையாது. மோட்டார் சைக்கிள் பந்தயத் துறையில் வேலை பார்த்த பால் டர்னர், "மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது சைக்கிளுக்கு ஏன் கூடாது?" என்று யோசித்தார். 1989-ம் ஆண்டு அவருடைய நிறுவனம் காற்றும் எண்ணெயும் வைத்த முன் ஷாக் அப்சார்பரைக் கொண்டு வந்தது. பிறகு பின்பக்கத்துக்கும் நல்ல ஷாக் அப்சார்பர்கள் வந்தன. 1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் சேர்ந்தது. பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் 2021-ல் டோக்கியோவில் தங்கம் வென்றார். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளில்தான் வென்றார். 2024-ல் பாரிஸில் பந்தயத்தின் நடுவே அவருக்குப் பஞ்சர்! சக்கரத்தை மாற்றிக்கொண்டு, முந்திப் போனவர்களை எல்லாம் துரத்திப் பிடித்து மறுபடியும் தங்கம் வென்றார்.

கதை முடிந்ததும் பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ, நான் ஏன் விழுந்தேன்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்றேன்.

ரப்பர் வளையம் சொன்ன உண்மை

சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் பையில் ஒரு சிறிய பம்பும், பிரிக்காத கையேடும் இருந்தன. புதுப் பொருள் வாங்கினால் நாம் முதலில் தூக்கிப் போடுவது கையேட்டைத்தான், இல்லையா? அதைப் பிரித்து உரக்கப் படித்தேன்.

ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருக்கும். ஓட்டுபவர் மெதுவாக உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்க வேண்டும். அவருடைய எடைக்கு ஷாக் எவ்வளவு அமுங்கியதோ, வளையம் அவ்வளவு தூரம் தள்ளப்பட்டு நிற்கும். பின் ஷாக் மொத்தம் அமுங்கக் கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை, ஓட்டுபவர் உட்கார்ந்தவுடனே அமுங்க வேண்டும். இதுதான் கையேட்டில் இருந்த விதி.

இங்கேதான் நம் கணக்கு வருகிறது. இந்த ஷாக் அமுங்கும் மொத்த தூரம் 40 மில்லிமீட்டர். அப்படியென்றால் உட்கார்ந்தவுடன் எத்தனை மில்லிமீட்டர் அமுங்க வேண்டும்? பேத்தி நான்காம் வகுப்பு. அவள் பாதிதான் சொன்னாள்: "கால்வாசின்னா 10!" மீதியை அண்ணன் சொன்னான்: "30 சதவீதம்னா 12."

ஆக, 10 முதல் 12 மில்லிமீட்டர். பேரனை உட்காரச் சொல்லி, இறங்கச் சொன்னோம். ஸ்கேலை வைத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர்தான்!

என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, கடையில நான்தான் உட்கார்ந்து பார்த்தேன். அவன் ஸ்கூலுக்குப் போயிருந்தான். என் எடைக்குத்தான் காத்து அடிச்சுக் கொடுத்தாங்க" என்றான். அப்பாவின் எடை 76 கிலோ. பிள்ளையின் எடை 42 கிலோ. கடைக்காரர் மேல் தப்பு இல்லை. ஓட்டப் போவது யார் என்று நாங்கள்தான் சொல்லவில்லை.

பம்பை மாட்டி, கையேட்டில் இருந்த எடை அட்டவணையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் குறைத்தோம். ஒவ்வொரு முறையும் பேரன் உட்கார்ந்து இறங்கினான். எட்டு... ஒன்பது... பதினொன்று! பேத்தி கை தட்டினாள். முன்பக்கத்துக்கும் அதற்கென்று சொல்லியிருந்த அளவைப் பார்த்து அப்படியே செய்தோம்.

ஆமையும் முயலும்

இன்னொரு தப்பும் இருந்தது. ஷாக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு குட்டித் திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறு பக்கம் முயல் படம்! விளையாட்டுக்குப் போட்ட படம் இல்லை. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதற்கான குறி. திருகு முயல் பக்கமாகக் கடைசி வரை போயிருந்தது. வாங்கி வந்த அன்று பேரன்தான் விளையாட்டாகத் திருகி இருக்கிறான்.

எண்ணெய் எதற்கு என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இதற்குத்தான். வெறும் ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் என்ன ஆகும்? ‘டொய்ங்’ என்று துள்ளும். ஷாக்கின் உள்ளே எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகத்தான் போய்வர முடியும். அதனால் துள்ளல் அடங்கி மெதுவாக எழும். திருகைத் திருப்பினால் அந்தத் துளை சிறிதாகும் அல்லது பெரிதாகும்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத ஒரு புதிய சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீரை இழுங்கள். மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும். வேகமாக அழுத்தினால் சிரிஞ்ச் உங்கள் விரலை எதிர்க்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். ஷாக் அப்சார்பரின் வயிற்றுக்குள் நடப்பது இதுதான்.

இப்போது பேரன் விழுந்த காரணம் புரிகிறதா? காற்று அதிகம். அதனால் ஷாக் சரியாக அமுங்கவில்லை. திருகு முயல் பக்கம். அதனால் அமுங்கியது சட்டென்று உதைத்தது. பின் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. அந்த நேரம் பார்த்து அவன் பிரேக்கை இறுக்கினான். காற்றில் இருக்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? சுழலாமல் நின்றுபோன சக்கரம் தரையைத் தொட்டதும் சறுக்கியது. ஆள் விழுந்தான்.

ஷாக் அப்சார்பர் நம் உட்காருமிடத்துக்கு மெத்தை என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பதுதான் அந்த வேலை. சக்கரம் தரையில் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். தரையில் இருந்தால்தான் வண்டி திரும்பும்.

வேர் எங்கே போச்சு?

ஐந்து நாள் கழித்துக் காயம் ஆறியது. ஹெல்மெட் அடி வாங்கிவிட்டதால் அதைக் கழித்துவிட்டு, என் மகன் புதிது வாங்கி வந்தான். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே நொறுங்கி இருக்கலாம்.

மறுபடி கண்மாய்க் கரை. திருகை ஆமைப் பக்கம் சில சொடுக்குகள் திருப்பி வைத்தோம். "முதல்ல நடந்து பார்த்துட்டு வா" என்றேன். வேர்களின் மேல் நடந்து பார்த்தான். எந்த வழியாகப் போவது என்று குச்சியால் கோடு போட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகக் கிளம்பினான். வேர்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தான். பெடல்களைச் சமமாக நிறுத்தி, எழுந்து நின்று, முழங்கையையும் முழங்காலையும் மடக்கிக்கொண்டான்.

முதல் வேர். இரண்டாவது வேர். மூன்றாவது வேரில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்! "அப்பாயி, வேரெல்லாம் எங்க போச்சு?" என்று அங்கிருந்தே கத்தினான். வேர் அங்கேயேதான் இருந்தது.

இப்போது என் முறை!

ஆசை யாரை விட்டது? மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். செயினுக்கு மூடி இல்லாத சைக்கிளில் சேலை, துப்பட்டா, பாவாடை எல்லாம் ஆபத்து. பெண் குழந்தைகள் இதை மறக்காதீர்கள். காலையும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

என் எடை 58 கிலோ. ஆகவே மறுபடி பம்ப், மறுபடி ஸ்கேல்! பேரனே அளந்து காற்று அடித்துக் கொடுத்தான்.

ஏறி உட்கார்ந்தேன். சைக்கிள் ‘உஸ்’ என்று என்னை உள்வாங்கிக்கொண்டது. சரளைக்கல் மேல் போனேன். கல் உருளும் சத்தம் கேட்டது. முதுகுக்கு எதுவும் வரவில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு வில் வண்டியில் திருவிழாவுக்குப் போனது ஞாபகம் வந்தது.

ஆனால், வாத்தியாரம்மா ஆயிற்றே! குறையையும் சொல்ல வேண்டும். கரை மேட்டில் ஏறும்போது, மிதிக்க மிதிக்க சைக்கிள் ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடியது. என் கால் பலத்தில் கொஞ்சம் அந்த ஆட்டத்துக்கே போய்விடுகிறது. அதற்காகவே ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். அதைத் திருப்பினால் ஷாக் கிட்டத்தட்டப் பூட்டிக்கொள்ளும். மேடு முடிந்ததும் திறந்துவிட வேண்டும்.

தார்ச் சாலையில் பேரனும் நானும் ஒரு பந்தயம் வைத்தோம். அவன் புது சைக்கிள், அவன் அப்பா என் பழைய சைக்கிள். வென்றது பழைய சைக்கிள்தான்! பல் வைத்த பருத்த டயர் தார்ச் சாலையில் உரசி இழுக்கிறது. பள்ளிக்கும் கடைக்கும் போய்வர இந்தச் சைக்கிள் தேவையே இல்லை. புத்தகப் பை வைக்கவும் இடம் கிடையாது. கல்லும் வேரும் உள்ள பாதையில்தான் இது ராஜா.

உங்களிடமே இருக்கும் ஷாக் அப்சார்பர்

"எங்களிடம் இந்த மாதிரி சைக்கிள் இல்லையே, டீச்சர்" என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1888-ம் ஆண்டு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் ஜான் டன்லப். அவருடைய சின்ன மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கெட்டி ரப்பர்ச் சக்கரத்தோடு கல் பாவிய தெருவில் அவன் குலுங்கிக் குலுங்கி ஓட்டுவான். அதைப் பார்த்துத்தான் காற்று அடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார் டன்லப். அந்தக் காற்று டயர்தான் இன்று எல்லாச் சைக்கிளிலும் இருக்கும் ஷாக் அப்சார்பர். அரசு கொடுக்கும் இலவச சைக்கிளிலும் அது இருக்கிறது. கல்லாக இறுகும்படி காற்றடிக்காமலும், தொய்ந்து போகும்படி விடாமலும் அளவாக வைத்துக்கொண்டாலே பாதி அதிர்ச்சி குறையும்.

அடுத்தது உங்கள் முழங்கையும் முழங்காலும். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் அதிர்ச்சி நேரே தோளுக்கு ஏறும். மடக்கி வைத்துக்கொண்டால் அவையே அமுங்கி எழும். மரின் மலையில் இறங்கியவர்களிடம் இருந்தது பருத்த டயரும் கை கால்களும் மட்டும்தானே!

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!

1. புது சைக்கிள் வாங்கும்போது, ஓட்டப் போகிறவர் கடைக்குப் போக வேண்டும். உயரத்துக்கு ஏற்ற அளவு, எடைக்கு ஏற்ற காற்று, இரண்டையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

2. ஸ்பிரிங் தெரிகிறது என்பதற்காக நல்ல ஷாக் என்று நம்பிவிடாதீர்கள். அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பந்து போலத் துள்ளினால் அதில் துள்ளலை அடக்க எண்ணெய் இல்லை. கனம்தான் மிச்சம். அதைவிட நல்ல பிரேக் உள்ள சாதாரண சைக்கிளே மேல்.

3. ஷாக்கில் காற்றடிக்க அதற்கென்று உள்ள பம்பைத்தான் பயன்படுத்த வேண்டும். டயர் கடை இயந்திரம் கூடாது. ஷாக்கை நீங்களாகக் கழற்றவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் ஆபத்தானது.

4. கிளம்பும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். ஹெல்மெட் வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருக்க வேண்டும்.

5. தெரியாத பாதையை முதலில் நடந்து பாருங்கள்.

6. சேற்றில் ஓட்டினால் துடைத்து வையுங்கள். ஷாக்கின் பளபளப்பான தண்டில் மண் ஒட்டியிருந்தால் உள்ளே புகுந்து கெடுத்துவிடும்.

விடுமுறை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பேரன் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். அவன் பெயர், எடை, காற்றின் அளவு. அதற்குக் கீழே ‘அப்பாயி, 58 கிலோ’ என்று எழுதி, எனக்கு உரிய காற்றின் அளவையும் குறித்திருந்தான். "அரையாண்டு லீவுக்கு வரும்போது தேடக் கூடாதில்ல" என்றான்.

அரையாண்டு விடுமுறைக்குள் மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும். கரையெல்லாம் சேறாக இருக்கும். சேற்றில் அந்தப் பல் டயர் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன். அதுவரை உங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து வையுங்கள். சரியா, குழந்தைகளே?